கூடாரத்தில் வாழ்ந்த ராக்லாந்து ஐயர்

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் நம் இருக்கன்குடிக்கு அணித்தே உள்ள சிவகாசியில், 1858 அக்டோபர் 22-இல் உயிர்நீத்தவர் தாமஸ் ராக்லாந்து ஐயர். 1841-இல் கேம்பிரிட்ஜ்க் கணிதத் தேர்வில் நான்காமிடம் பெற்றவர், சென்னையில் சி.எம்.எஸ். செயலராகவும் இருந்தவர். அப்பதவி துறந்து, 1854 முதல் வடதிருநெல்வேலிச் சிற்றூர்களில் கூடாரமடித்து வாழ்ந்தார்.

தென்திருநெல்வேலிச் சபைகள் தம் செலவில் மாதந்தோறும் உபதேசிமாரை அனுப்பின. தமிழில் அவர்தம் நாவன்மைக்குக் கேம்பிரிட்ஜ்க் கணிதம் ஈடாகுமா? ஐயர் அவர்களோடு அமர்ந்து வேதம் ஆராய்ந்தார், முழந்தாளிட்டு மன்றாடினார், பின்னரே அயலூர்களில் பிரசங்கிக்கப் புறப்பட்டனர். வசைமொழி கேட்டு மீண்டவர்க்கும் அக்கூடாரமே புகல்.

நெடுநாள் நுரையீரல் நோய் 43-ஆம் வயதில் அவரைக் கொண்டுசென்றது. பெரும்பயன் ஏதும் அவர் கண்டிலர். தோழர் டேவிட் பென்னும் மெடோஸும் கூடாரத்தை அடுத்த ஊருக்குப் பெயர்த்தனர்.