மருந்து தந்த மாமேதை எல்லாப்பிரகடா சுப்பாராவ்



இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டவர் டாக்டர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துத் தர்றாங்களே ஃபோலிக் அமிலம், அதைச் செயற்கையாகத் தயாரித்தது இவருடைய குழுதான். யானைக்கால் நோய்க்குத் தரும் டி.இ.சி. மாத்திரையும் இவர் தலைமையில் வந்ததே.

1895 ஜனவரி 12 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறைதான் தேறினார். (பொதுத்தேர்வைக் கண்டு பயப்படும் நண்பர்கள் கவனிக்க!) பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியடிகளின் சொல்லைக் கேட்டுக் கதர் உடுத்தியது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. ஸ்புரூ என்ற குடல் நோய் உடன்பிறந்தவர்கள் இருவரைக் கொண்டுபோனது. அவரையும் அது படுக்கையில் தள்ளியது.

1922-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். இரவில் மருத்துவமனையில் கூலி வேலை, பகலில் ஹார்வர்டில் படிப்பு. உடம்புக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. பற்றி நாம் அறிவியல் பாடத்தில் படிக்கிறோமே, 1929-ல் அதைக் கண்டறிந்தவர்களில் இவரும் ஒருவர். 1940-ல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். தன் சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை 1945-ல் அவர் குழு தயாரித்தது. அந்த மருந்து வந்தபோது சகோதரர்கள் இல்லை.

1948-ல் அவர் தலைமையின் கீழ் வேலை செய்த பெஞ்சமின் டக்கர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து இதுதான். நம்ம ஊருக்கும் இந்த மருந்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? இருக்கு!

நாகரசம்பட்டியைச் சுற்றி ஆடு மாடு இல்லாத தெரு உண்டா? ஆடு குட்டி போடும்போது நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போடுறோம். சில ஆடுகளிடம் காக்சியெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது காற்றோடு கலந்து நம் மூச்சில் போகும். புரூசெல்லா என்ற இன்னொரு கிருமி காய்ச்சாத பால் வழியாகவும் வரும். எப்போதாவது, ஏற்கெனவே பழுதான இதய வால்வில் இவை போய் ஒட்டிக்கொள்ளும். வாரக்கணக்கில் காய்ச்சல், உடல் மெலிவு, மூச்சு வாங்குதல். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

சாதாரணமாக, ரத்தத்தை எடுத்துச் சத்துக் கரைசலில் வைத்தால் கிருமி வளர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். காக்சியெல்லா உயிருள்ள செல்லுக்குள்தான் வளரும். அதனால் சோதனையில் கிருமி இல்லை என்றே வரும். புரூசெல்லாவோ மெதுவாக வளரும். அப்போது டாக்டர்கள் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எக்கோ எடுத்து வால்வைப் பார்ப்பார்கள். வீட்டில் ஆடு இருக்கா, பச்சைப் பால் குடிச்சீங்களா என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலே பாதி வழியைக் காட்டிவிடும்.

காக்சியெல்லாவுக்குப் பென்சிலின் பலிக்காது. டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்த டாக்சிசைக்ளினோடு ஹைட்ராக்சி குளோரோகுயின் சேர்த்துக் குறைந்தது 18 மாதம் கொடுப்பார்கள். ஒன்றரை வருஷம்! காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு பாதியில் நிறுத்தினால் கிருமி திரும்பவும் கிளம்பும். புரூசெல்லாவுக்கும் டாக்சிசைக்ளினோடு வேறு மருந்துகள் சேர்த்து மாதக்கணக்கில் தரவேண்டும். சிலருக்கு வால்வையே மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லணும். காய்ச்சல் வந்ததும் கடையில் கேட்டு ரெண்டு மாத்திரை வாங்கிப் போடுவது நம்ம பழக்கம். அந்த அரைகுறை மருந்து கிருமியைச் சோதனையில் தெரியாமல் மறைத்துவிடலாம். நோய் மட்டும் உள்ளே இருக்கும்.

இத்தனை பேர் உயிரைக் காக்கும் மருந்துகளுக்கு வழிவகுத்த சுப்பாராவ், 1948 ஆகஸ்டில் மாரடைப்பால் காலமானார். வயது 53. தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 1995-ல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நண்பர்களே, அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை மூன்று. பாலைக் காய்ச்சிக் குடிப்போம். ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கும்போது கையுறையும் முகக்கவசமும் போடச் சொல்வோம். விடாத காய்ச்சலோடு டாக்டரிடம் போனால், வீட்டில் ஆடு இருக்கு என்பதை மறக்காமல் சொல்வோம். இன்றைக்கே வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லுங்கள்!

– பத்தாம் வகுப்பு மாணவி