காலுக்கேற்ற சைக்கிள் தந்த ஸ்டார்லி

அண்ணன் ஓட்டிய சைக்கிளைத் தம்பி எடுக்கிறான். பெடல் எட்டவில்லை. உடனே சீட்டுக்குக் கீழே உள்ள நட்டைத் தளர்த்துகிறான். சீட்டை இறக்குகிறான். நட்டை மறுபடியும் முடுக்குகிறான். ஏறிப் போய்விடுகிறான்.

ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் 150 வருஷங்களுக்கு முன்பு இந்த வேலை நடக்காது. தம்பிக்கு வேறு சைக்கிள்தான் வாங்க வேண்டும்!

அந்த நிலையை மாற்றியவர் ஓர் ஆங்கிலேயர். அவர் பெயர் ஜான் கெம்ப் ஸ்டார்லி.

தோட்டக்காரர் மகன்

1850-களின் நடுவில், லண்டனை ஒட்டிய வால்தம்ஸ்டோவில் ஸ்டார்லி பிறந்தார். அவருடைய தந்தை ஒரு தோட்டக்காரர். பெரிய சொத்து எதுவும் இல்லாத குடும்பம்.

தந்தையின் உடன்பிறந்தவர் ஜேம்ஸ் ஸ்டார்லி. இவர் கவன்ட்ரி நகரத்தில் இருந்தார். முதலில் தையல் யந்திரம் செய்தவர். பிறகு சைக்கிள் செய்யத் தொடங்கிப் பெரும் புகழ் பெற்றவர்.

1872-ம் ஆண்டு ஜான் ஸ்டார்லி கவன்ட்ரிக்குப் போனார். அப்போது அவர் இருபது வயதுகூட ஆகாத இளைஞர். ஜேம்ஸ் ஸ்டார்லியின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் தொழிலைக் கற்றார்.

கழுத்தை முறிக்கும் வண்டி

அந்தப் பட்டறையில் செய்த சைக்கிள் எப்படி இருந்தது தெரியுமா?

முன் சக்கரம் மிகப் பெரியது. சில வண்டிகளில் அது 5 அடி உயரம்கூட இருக்கும். பின் சக்கரமோ மிகச் சிறியது. செயின் கிடையாது. பெடல் முன் சக்கரத்தின் நடுவிலேயே பொருத்தப்பட்டிருந்தது. காலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும்.

சீட் அந்தச் சக்கரத்துக்கு மேலே இருந்தது. கால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு பெரிய சக்கரம்தான் வாங்க முடியும். நெட்டைக்காரருக்குப் பெரிய சக்கரம், வேகம் அதிகம். குட்டைக்காரருக்குச் சிறிய சக்கரம், வேகம் குறைவு. சீட்டை மனிதனுக்கு ஏற்றபடி வைக்க வழி இல்லை. சக்கரத்தையே காலுக்கு அளவெடுத்து வாங்க வேண்டும்.

ஆபத்தும் அதிகம். சாலையில் ஒரு கல் தடுக்கினால் போதும். வண்டி நின்றுவிடும். மேலே இருப்பவர் ஹேண்டில் பாருக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். கை முறிந்தவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு.

அதனால் துணிச்சலான வாலிபர்கள்தான் அதில் ஏறினார்கள். நீண்ட பாவாடை அணிந்த பெண்களுக்கு அது உதவவில்லை. வயதானவர்களுக்கும் உதவவில்லை. அவர்கள் மூன்று சக்கர சைக்கிளைத்தான் நாட வேண்டியிருந்தது.

சொந்தத் தொழில்

1877-ல் ஸ்டார்லி தனியாகத் தொழில் தொடங்கினார். வில்லியம் சட்டன் என்பவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். முதலில் மூன்று சக்கர சைக்கிள்களைச் செய்தார்கள். அவற்றுக்கு ரோவர் என்று பெயர் வைத்தார்கள். ஊர் ஊராகத் திரிபவன் என்பது அதன் பொருள்.

1881-ல் ஜேம்ஸ் ஸ்டார்லி காலமானார். அவருக்குக் கவன்ட்ரியில் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அவர் புகழ் பெற்றதே உயரமான சைக்கிளால்தான். அந்த உயரமான சைக்கிளையே ஒழித்துக்கட்டும் வண்டியை அவரிடம் தொழில் பழகிய ஜான் ஸ்டார்லி செய்யப் போகிறார் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

தரைக்கு வந்த சீட்

1885-ல் அந்த வண்டி வெளிவந்தது. இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. பெடல் நடுவில் இருந்தது. அங்கிருந்து செயின் பின் சக்கரத்துக்குப் போனது.

முன்னால் உள்ள பல்சக்கரம் பெரியது. பின்னால் உள்ளது சிறியது. ஆகவே காலை ஒரு முறை சுற்றினால் பின் சக்கரம் அதைவிட அதிகமாகச் சுற்றும். சிறிய சக்கரத்திலும் வேகம் கிடைத்தது. வேகத்துக்காக உயரத்தில் ஏறி உட்கார வேண்டிய அவசியம் தீர்ந்தது.

செயின் வைத்த சைக்கிளை அதற்கு முன்பே வேறு சிலரும் செய்திருந்தார்கள். ஆனால் அவை மக்களிடம் எடுபடவில்லை. ஸ்டார்லியின் வண்டி எடுபட்டது.

முதலில் உயர வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். தரையோடு தரையாகப் போகும் வண்டி என்று கேலி செய்தார்கள். அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. அதே 1885-ம் ஆண்டு செப்டம்பரில் 100 மைல் பந்தயம் நடந்தது. ரோவர் வண்டி அந்தத் தூரத்தை 7 மணி 5 நிமிஷத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்து, பழைய சாதனையை முறியடித்தது!

1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். குலுக்கலும் குறைந்தது. 1890-களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள். உயரமான சைக்கிள் காட்சிப் பொருளாகிவிட்டது.

அவர் சொன்ன ரகசியம்

1898-ல் லண்டனில் அறிஞர்கள் சபை ஒன்றில் ஸ்டார்லி பேசினார். தாம் எதை மனத்தில் வைத்து அந்த வண்டியைச் செய்தார் என்பதை விளக்கினார்.

ஓட்டுகிறவர் தரையிலிருந்து சரியான தூரத்தில் இருக்க வேண்டும். சீட், பெடலுக்குச் சரியான இடத்தில் இருக்க வேண்டும். அதை ஏற்றவும் இறக்கவும் வசதி வேண்டும். ஹேண்டில் பாரும் அப்படியே மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். குறைந்த களைப்பில் அதிக பலத்தைப் பெடலுக்குக் கொடுக்க முடிய வேண்டும். இவைதாம் அவருடைய நோக்கங்கள்.

மனிதன் யந்திரத்துக்கு ஏற்றபடி வளையக் கூடாது. யந்திரம்தான் மனிதனுக்கு ஏற்றபடி வளைய வேண்டும் என்பதே இதன் சாரம்.

இதன் பிறகு அவர் அதிக காலம் வாழவில்லை. 1901 அக்டோபரில் திடீரென்று காலமானார். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. ரோவர் என்ற பெயர் பிற்பாடு மோட்டார் கார்களுக்குப் போயிற்று. போலந்து நாட்டு மொழியில் இன்றும் சைக்கிளுக்கு ‘ரோவர்’ என்றுதான் பெயர்.

எது சரியான உயரம்?

ஸ்டார்லி கொடுத்த வசதியைப் பலர் சரியாகப் பயன்படுத்துவதில்லை. சீட் மிகத் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். மிக உயரமாக இருந்தால் இடுப்பு இரு பக்கமும் ஆடும். முழங்காலின் பின்பக்கம் இழுக்கும்.

சரி பார்க்க எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார வேண்டும். பெடலைக் கீழே கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வைக்க வேண்டும். அப்போது கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்.

அளந்தும் பார்க்கலாம். தொடைச் சந்திலிருந்து தரை வரை 30 அங்குலம் என்றால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை சுமார் 26½ அங்குலம் இருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் மட்டும் கால் தரையில் ஊன்றும்படி இன்னும் தாழ்த்தி வைப்பது நல்லது.

சீட் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்குக் குழாயை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் குழாய் முறியலாம்.

மலைச் சரிவில்

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் இளைஞர்கள் சைக்கிளில் இறங்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து மலை சைக்கிள் பிறந்தது. அங்கே ஒரு சிக்கல் வந்தது.

மலை ஏறும்போது சீட் உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் காலுக்குப் பலம் கிடைக்கும். இறங்கும்போது அதே உயரம் ஆபத்து. உடம்பைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோகச் சீட் இடம் கொடுக்காது. சக்கரம் கல்லில் மோதினால், ஆள் ஹேண்டில் பாருக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். ஸ்டார்லி விரட்டிய பழைய ஆபத்து மலைச் சரிவில் திரும்பி வந்துவிட்டது!

முதலில் இறங்கி நின்று சீட்டைத் தாழ்த்தினார்கள். இன்று அதற்கென்றே நழுவும் சீட் குழாய் வந்திருக்கிறது. ஹேண்டில் பாரில் உள்ள விசையைக் கட்டைவிரலால் அழுத்தி, சீட்டில் உட்கார்ந்தால் அது இறங்கும். எழுந்துகொண்டு அழுத்தினால் மேலே வரும். ஓடும் வண்டியிலேயே சில அங்குலங்கள் ஏற்றி இறக்கலாம். பலவற்றில் 4 முதல் 8 அங்குலம் வரை இடம் உண்டு. மேல் நிலை, மிதிப்பதற்குச் சரியான உயரமாக இருக்க வேண்டும். கீழ் நிலை, சரிவில் உடம்புக்கு வழிவிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இன்று வரும் எந்த சைக்கிளைப் பார்த்தாலும் ஸ்டார்லி வகுத்த அமைப்பு அதில் இருக்கும். அண்ணனுக்குப் பிறகு தம்பி, தம்பிக்குப் பிறகு தங்கை என்று ஒரே சைக்கிளில் ஒரு குடும்பமே ஏறிப் போகிறது. சீட்டை ஏற்றி இறக்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் தோட்டக்காரர் மகனின் பெருமை அடங்கியிருக்கிறது.