சிரிப்பு வாயு டாக்டர்

பல் பிடுங்கணும்னாலே நமக்கு வயித்தைக் கலக்கும். அந்த வலிக்கு வழி கண்டவர் ஹொரேஸ் வெல்ஸ். 1815-ல் பிறந்த அமெரிக்கர். ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் பல் மருத்துவர்.

1844 டிசம்பர் 10. ஊரில் கோல்டன் என்பவர் நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது சிரிப்பு வாயு காட்சி நடத்தினார். அதை சுவாசிச்சவங்க சிரிச்சாங்க, தள்ளாடினாங்க. ஒருத்தருக்குக் காலில் அடிபட்டு ரத்தம் வழிந்தும் வலியே தெரியவில்லை. கூட்டம் வேடிக்கை பார்த்தது. வெல்ஸ் அந்தக் காலைப் பார்த்தார். மறுநாளே வாயுவை சுவாசித்து, தன் பல்லையே ரிக்ஸ் என்ற சக மருத்துவரைப் பிடுங்கச் சொன்னார். வலிக்கவே இல்லை!

1845 ஜனவரியில் பாஸ்டனில் மாணவர்கள் முன் டெமோ. வாயு போதாமல் நோயாளி கத்திவிட்டார். ஏமாத்து வேலைன்னு கேலி பண்ணி அனுப்பிட்டாங்க. 1846-ல் அவரோட பழைய மாணவர் மார்ட்டன், அதே பாஸ்டனில் ஈதரை வைத்துப் பெயர் வாங்கினார்.

குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்து அடிமையான வெல்ஸ், அந்த போதையில் தெருவில் பெண்கள் மேல் அமிலம் வீசிக் கைதானார். 1848-ல் நியூயார்க் சிறையில் 33 வயதில் இறந்தார். அவர்தான் முன்னோடி என்ற பாரிஸ் மருத்துவ சங்கத்தின் அங்கீகாரம் அதற்குப் பிறகே வந்து சேர்ந்தது.

இன்னைக்கு பயந்த நோயாளிகளுக்கு அதே வாயுவை ஆக்சிஜனோடு கலந்து மூக்கு மாஸ்க்கில் தர்றாங்க. ஆள் விழிச்சிருப்பார், பேசுவார். பயம் மட்டும் குறையும். நிறுத்தினால் சில நிமிஷத்தில் தெளிஞ்சிடும்.

அன்னைக்குத் தோத்தது டெமோதான்; ஐடியா இல்லை. ரிவ்யூவில் சொதப்பினவங்க ஞாபகம் வெச்சுக்கோங்க.