ஞானப்பிரகாச முனிவர்

கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்திற்குச் செல்லும் மாணவர்கள், அந்நகரில் ஞானப்பிரகாசம் குளம் என்னும் பெயரைக் கேட்டிருப்பார்கள். அக்குளத்தை அகழ்வித்தவர் சோழநாட்டினர் அல்லர். கடல் கடந்து ஈழத்தின் வடபாலுள்ள யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வேளாண் பெருமகனார்.

யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலி என ஓர் ஊர் உண்டு. நம் பாண்டிநாட்டுத் திருநெல்வேலியோடு அதனை மயங்குதல் கூடாது. அங்குக் குடியேறிய பாண்டிமழவர் குடியிலே முனிவர் தோன்றினார் என்பர். அந்நாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. செம்மண் நிலத்திற் கிணறு தோண்டித் துலாவினால் நீர் இறைத்தே அக்காலத்திற் பயிர் செய்தல் வேண்டியிருந்தது. உழவிற்கு எருதும், எருவிற்கும் பாலிற்கும் பசுவும் இன்றியமையாதனவாக இருந்தன. ஆதலின் ஆனிரை அவ்வூரார்க்கு வெறும் உடைமையாக இருக்கவில்லை. இல்லத்து உறுப்பினர்க்கு ஒப்பாக இருந்தது. தந்தைவழி வந்த நிலத்தை முதுசொம் என்றும், மகளிர்க்கு அளிப்பதைச் சீதனம் என்றும், தம் உழைப்பால் ஈட்டியதைத் தேடியதேட்டம் என்றும் அவர்கள் பகுத்து வழங்கினர். ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டில் எழுத்தில் அமைத்த தேசவழமை என்னும் சட்டத்தில் இவ்வழக்கங்களைக் காணலாம்.

1619 ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. ஆட்சியாளரின் உணவுக்காக வீட்டிற்கு ஒரு பசுவாக முறைவைத்துக் கொடுத்தல் வேண்டும் என்றும் கட்டளை பிறந்ததாக வரலாறு கூறுகிறது. நாள்தோறும் ஒவ்வொரு வீடாக முறை நகர்ந்து வந்தது. மறுநாள் ஞானப்பிரகாசர் வீட்டின் முறை. கொடுத்தால் தம் கையால் வளர்த்த பசுவைக் கொலைக்கு ஈந்த பழி, மறுத்தால் தண்டனை. அன்றிரவே அவர் வீடும் விளைநிலமும் விட்டுப் புறப்பட்டார். அஞ்சி ஓடினார் என்று சொல்லுதல் எளிது. முதுசொம் நிலத்தை உயிரெனப் போற்றும் குடியிற் பிறந்த ஒருவர் அதனை ஒரே இரவில் துறப்பது அச்சத்தால் மட்டும் நிகழக்கூடியதா என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

தமிழகம் சேர்ந்த அவர் வடமொழி கற்கும் வேட்கையால் கௌடதேசம் வரை நடந்தார். வங்கநாடே அது. அங்கு ஓர் அந்தணர் மாணாக்கர்க்குப் பாடம் ஓதிக்கொண்டிருக்க, இவர் ஒருபுறம் நின்று நாள்தோறும் கேட்டு வந்தார். ஆசிரியர் அதனைக் கண்டு, கேட்டவற்றைச் சொல்லுமாறு பணித்தார். இவர் பிழையின்றி ஒப்பித்தார். வியந்த ஆசிரியர் அன்றுமுதல் இவரையும் மாணாக்கராக ஏற்றுக்கொண்டார் என்பது வழிவழி வந்த செய்தி.

பின்னர்த் திருவண்ணாமலையிற் துறவு பூண்டு, தில்லையில் தங்கினார். வடமொழியில் பௌஷ்கர ஆகமத்திற்கு விருத்தியும், சிவயோகசாரம் முதலிய நூல்களும் இயற்றினார். தமிழில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாருக்கு உரை வரைந்தார். அச்சித்தியார்ச் சுபக்கத்தின் பழைய உரைகாரர் அறுவருள் இவரும் ஒருவர். வீடுபேற்றில் உயிர் சிவனுக்குச் சமமாகும் என்பது இவர் கொள்கை. 1785 இல் மறைந்த மாதவச் சிவஞான முனிவர் இதனை மறுத்தற்கென்றே தனிநூல் ஒன்று எழுதினார். பின்வந்த பேரறிஞர் ஒருவர் நூல் செய்து மறுக்கும் அளவிற்கு வலிவுடையதாக அவ்வுரை இருந்தது என்பதே என் கருத்து. பொருட்படுத்தத் தகாததை எவரும் மெனக்கெட்டு மறுப்பதில்லை அன்றோ!

முனிவர் துறவி, அவருக்கு மக்கள் இலர். ஆயினும் ஈழத்தில் அவர் குடி தழைத்தது. அம்மரபிலேதான் 1822 ஆம் ஆண்டில் நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் ஆறுமுக நாவலர் பிறந்தார். முன்னோர் இரவோடிரவாக நீங்கிய அந்நாட்டில், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நாவலர் நிறுவினார். பின்னர் அவரும் கடல் கடந்து தில்லைக்கு வந்தார். ஞானப்பிரகாசர் குளம் அகழ்ந்த அதே நகரில், 1864 இல் மற்றொரு சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்.