முத்திரை இல்லாத டூல்

ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு பழைய அரமோ ஸ்பேனரோ கைக்குக் கிடைத்தால் முதலில் என்ன பார்ப்போம்? கம்பெனி முத்திரை எங்கே குத்தியிருக்கு என்றுதான். முத்திரையே இல்லாத ஒரு டூலை வைத்துக்கொண்டு, செய்தவன் யார் என்று கேட்ட மனிதர் ஒருவர் உண்டு.

ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834-ல் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் பிறந்தவர். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறைகளைப் பார்த்து வரைபடம் தயாரிப்பதுதான் வேலை. ஆதி மனிதனைத் தேடுவது அவர் டியூட்டியே இல்லை!

1863 மே 30. பல்லாவரம் ராணுவ மைதானத்தில் சரளை வெட்டிய பள்ளம். அங்கே ஒரு குவார்ட்சைட் கல் கண்ணில் பட்டது. வேறு ஆளாக இருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். ஃபூட் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆற்றில் உருண்ட கல் என்றால் வழுவழுன்னு இருக்கும். வெயிலில் வெடித்த கல் கண்டபடி பிளந்திருக்கும். இதிலோ இரண்டு பக்கமும் வரிசையாகச் சில்லு தட்டி எடுத்த தடங்கள், அவை சந்திக்கும் இடத்தில் கூரான விளிம்பு. நாம் உளி வைத்து சிப்பிங் பண்ணுகிற மாதிரிதான். இயற்கை இப்படி ஒழுங்காக வேலை செய்யாது. இது மனிதக் கை செய்த கைக்கோடரி என்று முடிவுக்கு வந்தார். இதுபோன்ற கற்கள் மனிதன் செய்தவையே என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

அதே வருஷம் செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கம் போய் இன்னும் பல கருவிகளைக் கண்டார். 1866-ல் அவர் வெளியிட்ட கட்டுரை சென்னை, வட ஆற்காடு மாவட்டங்களின் கற்கருவிகளைப் பற்றியது. (நம்ம மாவட்டமும் 1989 வரை வட ஆற்காட்டில்தானே இருந்தது!) 1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. தேடிச் சேர்த்த கருவிகள் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1912-ல் கல்கத்தாவில் காலமானார்.

செய்தது மனிதன் என்று சொல்லிவிட்டார். எந்த மனிதன்? அதற்கு அவர் காலத்தில் வழி இல்லை. சாந்தி பப்பு குழுவினர் அதிரம்பாக்கத்தில் தோண்டி, அங்குள்ள பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷம் வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள். நம் இனத்துக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம்தான். ஆக அந்த ஃபிட்டர் நமக்கும் முந்திய வேறொரு மனித இனம். அவன் எலும்பு என்று உறுதியாகச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. டூல் மட்டும்தான் மிச்சம்.