தமிழகக் குளங்களுக்காக வாதிட்டவர், ஜெருசலேமில் பல்கலைக்கழகம் வரைந்தவர்: பேட்ரிக் கெடிஸின் வாழ்க்கை

பொம்மசந்திரா (பெங்களூரு): பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் முடிவடையும் இடம் பொம்மசந்திரா. ஓசூர் சாலையை ஒட்டிய இத்தொழிற்பகுதியின் பெயரில் ஒரு பழைய செய்தி மறைந்திருக்கிறது. பெங்களூருவைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் 'சந்திரா' என்பது 'சமுத்திரம்' என்ற சொல்லின் திரிபு எனக் கருதப்படுகிறது. அம்பாசமுத்திரம் என்பதில் உள்ளதைப் போலவே அது பெரிய ஏரியைக் குறிக்கும்.

ஏரி, குளங்களைத் தூர்ப்பது நகரத்தின் வளர்ச்சி ஆகாது என ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தென்னிந்திய நகராட்சிகளுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தவர் ஸ்காட்லாந்து அறிஞர் சர் பேட்ரிக் கெடிஸ். யூத மக்களின் உயர்கல்விக் கனவாக எழுந்த ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் முதல் வளாகத் திட்டத்தை வகுத்தவரும் அவரே.

பட்டம் பெறாத பேராசிரியர்

1854 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் கெடிஸ் பிறந்தார். லண்டனில் புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றபோதும், எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்தையும் அவர் பெறவில்லை. 1879-இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது சில காலம் பார்வையை இழந்தார். பார்வை மீண்டபின் நுண்ணோக்கியில் நெடுநேரம் உழைக்க இயலவில்லை. தனி உயிர்களை ஆராய்ந்தவரின் கவனம் மனிதர் வாழும் நகரங்களின் பக்கம் திரும்பியது.

1886-இல் அன்னா மார்ட்டனை மணந்த அவர், வசதியான பகுதியை விட்டு எடின்பரோ பழைய நகரின் நெரிசலான குடியிருப்பொன்றில் மனைவியுடன் குடியேறினார். அங்கிருந்தபடியே வீடுகளைச் செப்பனிட்டு, தோட்டங்களை அமைத்தார். 1888 முதல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் பணியாற்றினார்.

எம்டன் மூழ்கடித்த கண்காட்சி

நகரமைப்புக் குறித்த கெடிஸின் கண்காட்சியால் ஈர்க்கப்பட்ட சென்னை மாகாண ஆளுநர் லார்டு பென்ட்லண்ட், அவரை இந்தியாவுக்கு அழைத்தார். 1914-இல் கெடிஸ் புறப்பட்டார். வரைபடங்களும் படங்களும் கொண்ட கண்காட்சிப் பொருள்கள் கிளான் கிராண்ட் என்ற மற்றொரு கப்பலில் வந்தன. அக்கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசி, தமிழ்ப் பேச்சுவழக்கிலேயே இடம்பிடித்த அதே எம்டன்தான்.

பல்லாண்டு உழைப்பு கடலுக்குள் போனபோதும் கெடிஸ் திரும்பிச் செல்லவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் புதிய தொகுப்பொன்றைத் திரட்டி அனுப்பினர். 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லத்தில் கண்காட்சி நடைபெற்றது.

தஞ்சையிலும் மதுரையிலும்

அதன்பின் மாகாணத்தின் நகரங்களை கெடிஸ் நடந்தே பார்த்தார். தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர் உள்ளிட்ட ஊர்களைப் பற்றிய அவரது அறிக்கைகள் 1915-இல் வெளிவந்தன. நெரிசலைப் போக்க, குடியிருப்புகளை இடித்து அகலமான நேர்சாலைகளை அமைப்பதே அக்காலப் பொறியாளர்களின் வழக்கமாக இருந்தது. இதனால் ஏழைகளின் வீடுகளே முதலில் பறிபோகும் என்பதை கெடிஸ் சுட்டிக்காட்டினார்.

பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, கிடைக்கும் வெளியில் மரம் நட்டு, சந்துகளைத் தேவையான இடத்தில் மட்டும் அகலப்படுத்தலாம் என்பது அவர் முன்வைத்த மாற்று. உடலைக் காக்கும் அறுவைச் சிகிச்சையோடு அம்முறையை அவர் ஒப்பிட்டார். செலவும் இதில் குறைவு.

குளங்களைப் பற்றியும் அவர் இவ்வாறே வாதிட்டார். மலேரியாவை ஒழிப்பதற்காகக் குளங்களைத் தூர்க்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் பரிந்துரைத்தனர். குளத்தைத் தூய்மையாக்கி, கொசுப்புழுக்களை உண்ணும் மீன்களையும் வாத்துகளையும் வளர்த்தால் போதும் என்றார் உயிரியல் படித்த கெடிஸ். குளம் ஊரைக் குளிர்விக்கும், மழைநீரைத் தாங்கும், மக்கள் கூடும் இடமாகவும் விளங்கும் என்பது அவரது கருத்து.

கோயிலை நடுவில் கொண்டு, தேரோடும் வீதிகள் சூழ விரிந்த தென்னிந்திய நகர அமைப்பை அவர் உயர்வாக மதித்தார். பண்டைய தென்னிந்திய நகரமைப்பைப் பற்றி சி. பி. வேங்கடராம ஐயர் எழுதி 1916-இல் வெளியான ஆங்கில நூலுக்கு அவர் முன்னுரை வழங்கினார்.

ஓர் ஆண்டில் இரு இழப்புகள்

1917 கெடிஸின் வாழ்வில் கொடிய ஆண்டானது. ஏப்ரலில் மூத்த மகன் அலாஸ்டர் பிரான்ஸ் போர்க்களத்தில் உயிரிழந்தார். அப்போது கணவருடன் இந்தியாவில் இருந்த அன்னா கடும் காய்ச்சலால் படுத்திருந்தார். மகனின் மரணச் செய்தியை அவரிடமிருந்து கெடிஸ் மறைத்தார். அதை அறியாமலேயே சில வாரங்களில் அன்னாவும் காலமானார்.

துயரத்தினூடே பணி தொடர்ந்தது. இந்தூர் அரசுக்காக அவர் எழுதிய பெரும் அறிக்கை 1918-இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அங்கு ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதையும் அதில் விரிவாக ஆராய்ந்தார். அச்சிந்தனைக்கு உருக்கொடுக்கும் வாய்ப்பு அடுத்த ஆண்டே, வேறொரு நாட்டில் வந்தது.

ஸ்கோபஸ் குன்றின் மீது

ஜெருசலேமின் ஸ்கோபஸ் குன்றில், லிவர்பூல் வழக்கறிஞர் ஜான் கிரே ஹில்லின் நிலத்தை யூத இயக்கத்தினர் பல்கலைக்கழகத்துக்காக வாங்கியிருந்தனர். உலகப்போர் முடிவதற்கு முன்பே, 1918 ஜூலை 24 அன்று, வேதியியலாளர் சைம் வைஸ்மான் தலைமையில் அடிக்கல் நாட்டப்பட்டது. இஸ்ரவேலின் 12 கோத்திரங்களைக் குறிக்கும் வகையில் 12 கற்கள் பதிக்கப்பட்டன.

1919-இல் வைஸ்மான் தரப்பின் அழைப்பை ஏற்று ஜெருசலேம் சென்ற கெடிஸ், மருமகனும் கட்டடக் கலைஞருமான ஃபிராங்க் மியர்ஸுடன் இணைந்து திட்டம் வகுத்தார். நடுவே பெருங்குவிமாடத்துடன் ஒரு பேரவை மண்டபம். அதைச் சூழ்ந்து பல துறைகளின் கட்டடங்கள். துறைகள் ஒன்றையொன்று காணாமல் பிரிந்து கிடக்கக் கூடாது என்பதே அவ்வரைவின் அடிப்படை.

ஆனால் பணம் போதவில்லை. இயக்கத்துக்குள்ளும் நன்கொடையாளர்களிடையேயும் எதிர்ப்பு எழுந்தது. யூதரல்லாத ஒருவரிடம் இப்பணியை ஒப்படைப்பதும் சிலருக்கு உவப்பாக இல்லை. பேரவை மண்டபம் கடைசிவரை கட்டப்படவில்லை. மியர்ஸ், பெஞ்சமின் சைக்கின் ஆகியோரின் வடிவமைப்பில் 1930-இல் திறக்கப்பட்ட நூலகக் கட்டடம் உள்ளிட்ட சிலவே உருப்பெற்றன.

போர்களைக் கடந்த வளாகம்

1925 ஏப்ரல் 1 அன்று பல்கலைக்கழகம் முறைப்படி தொடங்கப்பட்டது. விழாவில் பிரிட்டன் தலைவர் பால்ஃபர் பங்கேற்றார். அவரது வருகையைக் கண்டித்து அரபு மக்கள் கடையடைப்பு நடத்தினர். நுண்ணுயிரியல், வேதியியல், யூதவியல் ஆகிய மூன்று ஆய்வு நிறுவனங்களுடன் பணி தொடங்கியது. முதல் ஆட்சிக்குழுவில் ஐன்ஸ்டைனும் ஃபிராய்டும் இடம்பெற்றிருந்தனர். ஐன்ஸ்டைன் தமது ஆவணங்களைப் பின்னாளில் இப்பல்கலைக்கழகத்துக்கே உரிமையாக்கினார்.

1948 போருக்குப் பின் ஸ்கோபஸ் வளாகம் துண்டிக்கப்பட்டது. நகரின் மேற்கே கிவத் ராமில் புதிய வளாகம் எழுந்தது. 1967-க்குப் பிறகே பழைய குன்றுக்குப் பல்கலைக்கழகம் திரும்ப முடிந்தது. இன்று ஸ்கோபஸில் கலை, சமூக அறிவியல், சட்டப் படிப்புகளும், கிவத் ராமில் இயற்கை அறிவியலும், ஐன் கெரெமில் மருத்துவமும், ரெஹோவோத் நகரில் வேளாண்மையும் கற்பிக்கப்படுகின்றன. துறைகளை ஒரே மாடத்தின் கீழ் இணைக்க நினைத்தவரின் பல்கலைக்கழகம் நான்கு இடங்களில் இயங்குகிறது.

இறுதி ஆண்டுகள்

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் பேராசிரியராக கெடிஸ் பணியாற்றினார். 1925-இல் டெல் அவிவ் நகரத்துக்கான திட்டத்தை வகுத்தார். பிரான்ஸின் மோன்பெலியேயில் மாணவர்களுக்காகத் தாமே ஒரு கல்விக்கூடத்தை நிறுவினார். 1932-இல் சர் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று அங்கேயே காலமானார்.

அருகருகே உள்ள ஊர்கள் வளர்ந்து ஒன்றோடொன்று கலந்துவிடும் நிலைக்கு ஆங்கிலத்தில் 'கானர்பேஷன்' என்று பெயர் சூட்டியவரும் கெடிஸே. பெங்களூருவுக்கும் ஓசூருக்கும் இடையே பொம்மசந்திரா வழியாக நீளும் தொழிற்பகுதி அச்சொல்லுக்கு இன்றைய சான்றாக நிற்கிறது. ஊர்கள் இணையும்போது அவற்றின் ஏரிகள் என்னவாகும் என்பதே 1915-இல் தமிழக நகராட்சிகளின் முன் அவர் எழுப்பிய கேள்வி. பெயரில் சமுத்திரத்தைச் சுமக்கும் ஊர்கள் அனைத்துக்கும் அக்கேள்வி இன்றும் பொருந்தும்.