சுவார்ட்ஸ் ஐயரும் கோட்டைப் பள்ளிக்கூடமும்

மன்னார்புரத்தினின்று மலைக்கோட்டையை நோக்கிச் செல்லும் மாணவர், தெப்பக்குளத்துக்கு அணித்தாய் விளங்கும் கிறிஸ்து ஆலயத்தைப் பன்முறை கண்டிருப்பர். அதனைக் கட்டுவித்த சுவார்ட்ஸ் ஐயரின் பெயரும் அவர்கட்குப் புதிதன்று. ஆயினும், ஆலயம் எழுமுன்னரே அவர் ஒரு சிறு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார் என்பதையும், அது பெருந்துயரொன்றினின்று பிறந்தது என்பதையும் சிலரே அறிவர்.

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுச் சோனன்பர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். ஹாலே சர்வகலாசாலையிற் கற்றுக்கொண்டிருக்கையில், தமிழ்நாட்டினின்று திரும்பியிருந்த சூல்ட்சே ஐயருக்கு அச்சுவேலையில் உதவும்பொருட்டுத் தமிழ் பயிலத் தொடங்கினார். 1749-இல் கோபன்ஹேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டு தரங்கம்பாடி சேர்ந்தார். வந்து நான்கே திங்களில் தமிழிற் பிரசங்கம் செய்தார் எனின், அவர் இம்மொழியின்பால் வைத்த ஊக்கத்தை என்னென்பது!

1762-இல் அவர் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். மறு ஆண்டு இவ்வூர் வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. போர்வீரர் பலர் மாண்டனர். அவர்தம் மக்கள் ஆதரிப்பாரின்றி நின்றனர். உடைந்த சுவரை மறுபடி எழுப்புதல் எளிது. தந்தையை இழந்த குழந்தையை உருவாக்குதல் அரிது. அவ்வரிய காரியத்தையே ஐயர் மேற்கொண்டார். கோட்டைச் சேனையினரிடம் பொருள் திரட்டி, அக்குழந்தைகட்கெனப் பள்ளியொன்றை ஏற்படுத்தினார். 1766-இல் கிறிஸ்து ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. சேனைக் குருவாகப் பணிபுரிந்தமைக்குக் கிடைத்த ஊதியத்திற் பாதியைத் திருச்சபையின் காரியங்களுக்கே அளித்து, தாம் சோறும் கறியும் உண்டு எளிய அறையொன்றில் வாழ்ந்தார்.

1778-இல் தஞ்சையைத் தம் உறைவிடமாக்கிக்கொண்டார். அடுத்த ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியாரின் தூதராய் ஹைதர் அலியிடம் சீரங்கபட்டணம் சென்றார். இத்தகைய பெருங்காரியங்களினிடையேயும் அவர் பள்ளிக்கூடத்தை மறந்தாரல்லர். தஞ்சையில் ரெசிடென்டாயிருந்த சல்லிவன் துரையுடன் கூடி, தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளை நிறுவினார். கம்பெனியார் பள்ளியொன்றுக்கு ஆண்டுதோறும் 250 வராகன் உதவ இசைந்தனர். அவற்றிற் பயின்றோர் பெரும்பாலும் இந்துக் குலத்துப் பிள்ளைகள். அவர்களை வஞ்சனையால் மதம் மாற்ற முயலுதல் ஆகாது என்பதில் ஐயர் உறுதியாய் நின்றார். குருவானவரே இவ்வரம்பைக் காத்தமையால் பெற்றோர் தம் மக்களை அச்சமின்றி அனுப்பினர்.

அவர் உறுதிக்குக் கடுஞ்சோதனை தஞ்சை அரண்மனையில் வந்தது. 1787-இல் துளஜா மன்னர் தாம் சுவீகாரம் செய்த சிறுவர் சரபோஜியை ஐயரின் பாதுகாப்பில் ஒப்புவித்து மறைந்தார். ஆனால் அரியணை அமர்சிங்குக்குச் சென்றது. இளவரசர் காவலில் அடைபட்டார். கல்வியும் அவருக்கு மறுக்கப்பட்டது. பட்டத்துரிமை மட்டுமன்று, எழுத்தறிவும் பறிபோகின்றதே என ஐயர் வருந்தினார்; கம்பெனி அரசினரிடம் ஓயாது முறையிட்டார். முடிவில் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பெற்று, அங்கே கல்வி கற்றார். அநாதைச் சிறுவர்க்குச் செய்ததையே அரச குமாரர்க்கும் ஐயர் செய்தார். இருவரும் அவருக்குக் கற்கவேண்டிய பிள்ளைகளே.

1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் ஐயர் தஞ்சையிற் காலமானார். சில திங்களில் சரபோஜி அரசரானார். அவர் தம் முன்னோர் சமயத்திலேயே நிலைத்திருந்தார். எனினும் ஆசானை மறந்திலர். பிளாக்ஸ்மன் என்னும் இங்கிலாந்துச் சிற்பியைக் கொண்டு சலவைக்கற் சிற்பமொன்று செய்வித்து, தஞ்சையிலுள்ள ஐயரின் ஆலயத்தில் அமைத்தார். மரணப்படுக்கையிலிருக்கும் ஐயரின் கரத்தை மன்னர் பற்றியிருக்கும் அச்சிற்பத்திற் பள்ளிச் சிறுவரும் உடன் நிற்கின்றனர். மன்னரும் மாணாக்கரும் ஒரே படுக்கையருகே நிற்றல் எத்துணைப் பொருத்தம்!

திருச்சிராப்பள்ளியில் 1826-இல் உயிர்நீத்த அத்தியட்சர் ஹீபரின் பெயரைத் தாங்கும் பள்ளிகள், தம் வரலாற்றைச் சுவார்ட்ஸ் ஐயரின் பள்ளியினின்றே தொடங்குகின்றன. கல்லூரி மாணவராகிய நாம் உயர்ந்த மாடங்களைக் கண்டு பெருமை கொள்கின்றோம். அவற்றின் கடைக்கால் கோட்டைக்குள் நிராதரவாய் நின்ற சில குழந்தைகட்கு ஒருவர் அகரம் கற்பிக்க முற்பட்ட அந்நாளில் இடப்பட்டது. நம் தெருவிற் பள்ளி செல்லாத பிள்ளை ஒன்றேனும் உளதாயின், ஐயரின் பணி இன்னும் முடிந்ததன்று.